நஞ்சப்பா சார் காரை விட்டு இறங்கிய சனிக்கிழமை

எனக்கு வயது எழுபத்தொன்று. வளர்த்தது ஏழு பேரை. ஐந்து பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். இரண்டு பேர், என் நாத்தனார் மஞ்சள்காமாலையில் போனபோது எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள். ஏழு பேரும் இன்று சொந்தக் கையில் சம்பாதித்துச் சாப்பிடுகிறார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

போன வாரம், லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்த காலியிடத்தில் தகரம் போட்டு, என் வீட்டுக்காரர் வீல் அலைன்மென்ட் ஷெட் ஆரம்பித்தது வரைக்கும் எழுதியிருந்தேன். இந்த வாரம் அந்த ஷெட்டுக்கு வந்த ஒரு மஞ்சள் காரைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். தகரக் கூரை வெயிலில் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கிரீஸ் வாசனை, வறுத்த கடலை வாசனை. கார் நடுவில் நிற்கிறது. அதற்குள் காரின் சொந்தக்காரர் நஞ்சப்பா சார் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை கடலைப் பொட்டலத்தில். என் வீட்டுக்காரர் பின் சக்கரத்துப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் அளக்காமல் இருக்கிறார்.

நான் டீ டம்ளரை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுக் காரின் முன்னால் போய் நின்றேன்.

"சார், எறங்குங்க" என்றேன்.

நஞ்சப்பா சார் கடலை மெல்லுவதை நிறுத்தினார். என் வீட்டுக்காரர் சக்கரத்துக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

மெக்கானிக் பெண்டாட்டி ஒருத்தி, கார் முதலாளியை அவர் காரிலிருந்தே இறங்கச் சொன்னது ஏன் என்றால், அதைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

ஃபைபர் பாடி

நஞ்சப்பா சாருக்குப் பிரேசர் டவுனில் காபிப் பொடிக் கடை. நல்ல ஆகிருதி. அவர் வந்து உட்கார்ந்தால் எங்கள் வீட்டு பெஞ்சு முனகும். மனசும் அதே அளவுக்குப் பெரியது. கன்னடக்காரர், எங்களிடம் தமிழ்தான் பேசுவார். நடுவில் கன்னடம் வந்து விழும்.

தொண்ணூறுகளில் ரோட்டில் புதுப்புதுக் கார்கள் வர ஆரம்பித்த காலம். இவர் புதுக் கார் வாங்கவில்லை. சிநேகிதர் ஒருவரோடு சேர்ந்து தானே ஒரு கார் கட்டினார். இரும்புக் குழாய்களை வெல்டு பண்ணி உடம்பு, மேலே ஃபைபர் தோல், சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் காரின் எஞ்சின். இரண்டே பேர் உட்காரலாம். கதவு கிடையாது, கூரை கிடையாது. தாண்டித்தான் உள்ளே இறங்க வேண்டும். முன்பக்கத்தை நான்கு பேர் சேர்ந்தால் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடலாம். நான் முதலில் பார்த்தபோது, கல்யாண ஊர்வலத்துக்குச் செய்த பொம்மை வண்டி என்று நினைத்தேன்.

"பொம்மைன்னு சொல்லாதீங்கம்மா. எடை கம்மி, அதனால வேகம் ஜாஸ்தி" என்றார் நஞ்சப்பா சார்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய விமான ஓடுதளம் இருந்தது. அங்கே எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டப் பந்தயம் வைப்பார்கள். அதற்காகக் கட்டிய கார் இது. ஆனால் இவரால் ஓட்ட முடியாது. நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். வேகமாக எந்த வண்டியையும் ஓட்டுவதில்லை என்று அவர் மனைவி தர்மஸ்தலா கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். சத்தியத்தை மீறக்கூடிய ஆள் இல்லை அவர். அதனால் ஓட்டுவதற்கு ஒருவன் வேண்டியிருந்தது.

அந்த ஒருவன் எங்கள் தாஸ்.

தாஸ்

தாஸ் என் நாத்தனார் மகன். என்னை அத்தை என்பான். அவனுடைய அம்மா எந்த வார்த்தையும் வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டாள். "பார்த்துக்கோ அண்ணி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். சொல்லாமல் போனதால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

என் பிள்ளைகள் சட்டை கிழிந்தால் கத்துவார்கள், குழம்பு உறைக்கவில்லை என்றால் தட்டைத் தள்ளுவார்கள். தாஸ் ஒரு நாளும் எதையும் கேட்டதில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டான், கொடுத்ததைப் போட்டுக்கொண்டான். ஐ.டி.ஐ. முடித்து ஒரு கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்தான். ஷிப்ட் முடிந்து வந்தால் மாமாவோடு ஷெட்டில் நிற்பான். ரிப்பேர் முடிந்த வண்டிகளை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது அவன் வேலை. ஒல்லி உடம்பு, பதறாத கை. நஞ்சப்பா சார் கண்ணில் பட்டுவிட்டான்.

என்னிடம் வந்து, வாசற்படியில் நின்றுகொண்டு, "அத்தை, அந்த மஞ்சக் காரை நான் ஓட்டட்டுமா?" என்றான்.

எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவன் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. எப்படி மாட்டேன் என்பேன்?

நூல் கட்டும் வேலை

கம்ப்யூட்டர் அலைன்மென்ட் எல்லாம் அப்போது எங்கள் பக்கத்தில் ஒன்றிரண்டு இடத்தில்தான் வந்திருந்தது. எங்கள் ஷெட்டில் நூல்தான். காரின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் மீன் பிடிக்கிற நைலான் நூலை விறைப்பாகக் கட்டுவார். நூலுக்கும் சக்கரத்துக்கும் இடையில் முன்விளிம்பில் எவ்வளவு, பின்விளிம்பில் எவ்வளவு என்று அளப்பார். சக்கரம் உள்பக்கம் பார்க்கிறதா, வெளிப்பக்கம் பார்க்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். தூக்குக்குண்டு தொங்கவிட்டால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பதும் தெரியும்.

தூக்குக்குண்டு எனக்குப் புதிதில்லை. என் அப்பா தங்கவயலில் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். பூமிக்குள் அவ்வளவு ஆழத்தில் எது நேர், எது கோணல் என்று யாருக்குத் தெரியும்? குண்டைத் தொங்கவிட்டால் அது சொல்லும் என்பார். அவர் கதையைத் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும். இங்கே ஆரம்பித்தால் கார் நின்றுவிடும்.

ஷெட் போட்ட புதிதில் ஒரு நாள், கட்டியிருந்த நூலைத் துணிக்கொடி என்று நினைத்து, பிழிந்த பாவாடை இரண்டைப் போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் அன்றைக்குக் கத்தியது சர்ச் வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அந்த நூலைத் தாண்டும்போது சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுவேன்.

டயரைத் தடவிப் பார்க்கவும் அங்கேதான் பழகினேன். சக்கரம் கோணலாக ஓடினால் டயர் ஒரு பக்கம் தடவும்போது வழவழ என்று போகும், திருப்பித் தடவினால் ரம்பம் மாதிரி கையில் குத்தும்.

சாதாரணக் காருக்கு நூலோடு வேலை முடிந்தது. இந்த மஞ்சள் காருக்கு அது போதாது. ஒவ்வொரு சக்கரத்தின் ஸ்பிரிங்கையும் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். மரை போட்ட ஒரு வளையத்தைத் திருகினால் அந்த மூலை ஏறும். நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு தராசு வைத்து, எந்தச் சக்கரத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருக வேண்டும். பக்கத்து அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கிற தராசுகளைக் கேட்டு வாங்கி வந்தார்கள். தரை மட்டமாக இருக்க வேண்டும் என்று, தண்ணீர் நிரப்பிய ட்யூபைப் பிடித்துப் பார்த்து, பலகைத் துண்டுகளை அடியில் கொடுத்தார்கள்.

இத்தனையும், ஓட்டுகிற ஆள் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். லாரிக்கு ஒரு டிரைவர் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன. இது தூக்கிவைக்கிற கார். ஆள் பாரம் இதற்குப் பெரிய பாரம்.

இங்கேதான் தப்பு நடந்தது. முதல் தடவை கார் வந்த அன்று தாஸும் இருந்தான். ஆனால் அவன் உட்காருவதற்கு முன்னால் நஞ்சப்பா சார் உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டார். கடலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "ம், நடக்கட்டும் மேஸ்த்ரி" என்றார். வாயாலேயே எஞ்சின் சத்தம் வேறு. அவர் சந்தோஷத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அவரை வைத்தே நூல் கட்டி, அவரை வைத்தே தராசு பார்த்து, வேலையை முடித்துவிட்டார்கள்.

அத்திபெலே ரோட்டில்

பந்தயத்துக்கு முந்தின வியாழக்கிழமை, விடிந்தும் விடியாததுமாகத் தாஸ் அந்தக் காரை ஓசூர் ரோட்டில் ஓட்டிப் பார்க்கக் கொண்டுபோனான். என் வீட்டுக்காரரும் நஞ்சப்பா சாரும் பின்னால் ஜீப்பில் போனார்கள்.

வலது பக்கம் திரும்பும்போது கார் தண்டவாளத்தில் போகிற மாதிரி போயிருக்கிறது. அத்திபெலேக்கு முன்னால், செங்கல் சூளைப் பக்கம் ஒரு வளைவு, இடது பக்கம். திருப்பினதும் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு வெளியே வீசியிருக்கிறது. கார் முழுசாக ஒரு சுற்று சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றிருக்கிறது. எதிரே முட்டைக்கோஸ் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போயிருக்கிறது.

இதை யாரும் முதலில் என்னிடம் சொல்லவில்லை. காரைக் கழுவ விட்டிருந்தார்கள். பின் டயரைத் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கச் செம்மண், ரப்பர் உரிந்து சுருண்டிருந்தது.

"தாஸு, என்னடா இது?"

"ஒண்ணுமில்ல அத்தை. கொஞ்சம் வழுக்கிச்சு."

அவன் உதடு வெள்ளையாக இருந்தது. மிச்சத்தைத் துருவித் துருவிக் கேட்டுத்தான் வாங்கினேன். நான் பெற்ற பிள்ளையாக இருந்திருந்தால் ஓர் அறை விட்டு, "போகக் கூடாது, அவ்வளவுதான்" என்று முடித்திருப்பேன். அவனும் எதிர்த்துப் பேசி, கதவைச் சாத்தி, மறுநாள் சரியாகிவிடுவான். தாஸிடம் போகாதே என்றால், சரி அத்தை என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். பிறகு ஆயுசுக்கும் எதையும் கேட்கமாட்டான். அது எனக்குத் தெரியும்.

போகவும் வேண்டும், முழுசாகத் திரும்பி வரவும் வேண்டும். அப்படியானால் கார்தான் சரியாக வேண்டும்.

சாப்பிடும்போது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"அந்தக் காருக்கு என்ன கேடு?"

"காருக்கு ஒரு கேடும் இல்ல."

"அப்புறம் எதுக்குச் சுத்துச்சு?"

"சார் பாரத்துக்கு வெச்சது. பையன் பாரத்துக்கு எப்படி நிக்கும்?" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே. "சார் குந்துற ரைட் பக்கத்துல ஸ்பிரிங்க ஏத்தி வெச்சிருக்கேன். இவன் குந்துனா அந்தப் பக்கம் அமுங்கவே மாட்டேங்குது. தூக்கிக்கினு நிக்குது. பின் சக்கரம் மூஞ்சிய வெளிய திருப்பிக்குது. லெப்ட்ல திருப்புனா அதுமேலதான் மொத்தப் பாரமும் வருது. வீசாம என்ன செய்யும்?"

"தெரிஞ்சேவா வெச்சீங்க?"

"அவரு காரு. அவரு குந்துறாரு. மொதலாளிய எறங்குன்னு நான் சொல்லவா?"

"ஏன், வாய்ல கொழுக்கட்டையா?"

"நாளைக்கு மறுபடி தராசு வாங்கியாறேன். மண்டி மத்தியானம் மூடி சாயங்காலம்தான் தொறக்கும். அப்போ சரி பண்ணிடலாம்."

"நாளைக்கு யாரு குந்தப் போறது?"

ரசம் ஊற்றச் சொன்னார். இருபது வருஷம் தாண்டிய குடும்பத்தில் அந்த ரசத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

இறங்கினார்

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன்.

"சார், எறங்குங்க" என்று நான் சொன்னதும், "ஏனம்மா, என் காரு, நான் குந்தக் கூடாதா?" என்றார்.

"உங்க காருதான் சார். யாரு இல்லன்னா? நாளைக்கு ஓட்டப்போறது எங்க பையன். உங்க பாரத்துக்கு வெச்சா அவனைச் சுத்தி எறியுது. வியாழக்கெழமை நீங்களே பார்த்தீங்க இல்ல?"

அவர் என் வீட்டுக்காரரைத் தேடினார். "நிஜமா மேஸ்த்ரி? என்னாலயா?"

சக்கரத்துக்குப் பின்னாலிருந்து, "கொஞ்சம்... ஆமா சார்" என்று ஒரு குரல் வந்தது.

"அய்யோ, அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க சார்."

நஞ்சப்பா சார் கடலைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் ஒரு தடவை பிடித்துப் பார்த்தார். "நோடி அம்மா, பாருங்க, இதுல நான் குந்துறது இந்த ஷெட்ல மட்டும்தான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. அப்படிச் சொல்லவில்லை. பக்கத்தில் கையை ஊன்றி, மூச்சு வாங்கி, எழுந்து இறங்கினார். கார் அந்தப் பக்கம் ஒரு விரல் தடிமனுக்கு மேலே எழும்பியது. மூன்று பேரும் பார்த்தோம்.

இப்போது வேறொரு சிக்கல். தாஸ் கம்பெனியில் இருந்தான். ஷிப்ட் முடிந்து அவன் வருவதற்குள் மண்டிக்குத் தராசு திரும்பிப் போயாக வேண்டும். என் வீட்டுக்காரர் அளக்க வேண்டும். நஞ்சப்பா சார் ஆகாது. மிச்சம் யார்?

தராசு இருக்கிற இடம்தானே. ஏறி நின்றேன். தாஸை விடக் கொஞ்சம் குறைவாக இருந்தேன். ராகி மாவுப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டால் சரியாக வந்தது. என் எடையை என் வீட்டுக்காரரும் நஞ்சப்பா சாரும் குனிந்து நின்று பார்த்துச் சத்தமாகப் படித்தது எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லவும் செய்தேன்.

கதவில்லாத காரில் சேலையோடு எப்படி இறங்குவது? "அந்தப் பக்கம் திரும்புங்க ரெண்டு பேரும்" என்றேன். இரண்டு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். கொசுவத்தைத் தூக்கிச் செருகி, ஒரு காலை விட்டு, இன்னொரு காலை விட்டு, முட்டி கத்தக் கத்த உள்ளே உட்கார்ந்தேன். தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. கண்ணுக்கு நேரே மஞ்சள் நிறத்தில் காரின் மூக்கு, அதற்கு மேலே எங்கள் வீட்டு வாசல். நான் தினமும் கோலம் போடுகிற படி அவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஸ்டீயரிங்க நேரா புடி. சாயாத. திரும்பாத" என்றார் என் வீட்டுக்காரர்.

வளையத்தைத் திருகினார். திருகினதும் காரை முன்னும் பின்னும் உருட்டி, அமுக்கி விட வேண்டும். அப்போதுதான் ஸ்பிரிங் தன் இடத்தில் உட்காரும். அந்த வேலையை நஞ்சப்பா சாரிடம் கொடுத்தோம். வேறு ஆள் இல்லை. முதலாளி தள்ளுகிறார், நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மடியில் ராகி மாவோடு உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன ஆன்ட்டி, டிரைவிங் கத்துக்கிறீங்களா?"

"ஆமாண்டா, உன்ன ஏத்திக் கொல்றதுக்குத்தான்" என்று திரும்பினேன்.

"திரும்பாதடி! அளவு போச்சு!" என்றார் என் வீட்டுக்காரர்.

மறுபடி முதலிலிருந்து. முன் சக்கரம் இரண்டு, பின் சக்கரம் இரண்டு, பிறகு மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு என்று தராசைப் பார்த்தார். பாரம் சரியான பிறகு நூல். பின் சக்கரத்தின் முகம் கொஞ்சமாக உள்ளே திரும்பும்வரை சக்கரத்தைப் பிடித்திருக்கும் ராடைத் திருகி, லாக் நட்டை இறுக்கினார். இறுக்கின பிறகும் ஒரு தடவை அளந்தார். கால் மரத்துப்போய், நான் எழுந்திருக்க இரண்டு பேரும் கை கொடுக்க வேண்டியிருந்தது. வெட்கம் பார்க்கிற நிலைமையில் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

காலைப் பூசை முடிந்து நேராக ஓடுதளத்துக்குப் போனோம். மொட்டை வெயில். தார் டிரம்களுக்கு வெள்ளை அடித்து வளைவு வளைவாக வைத்திருந்தார்கள். மைக்கில் இங்கிலீஷ். பந்தல் போட்டு நாற்காலி இருந்தது. நஞ்சப்பா சார் எனக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்தார்.

"லெப்ட்ல திரும்புற எடம் எது?" என்று கேட்டேன்.

கையை நீட்டிக் காட்டினார். நாற்காலியை விட்டுவிட்டு அங்கே போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் வரவில்லை. ஜீப்புக்குப் பின்னால் ஏதோ ஸ்பேனர் தேடப் போய்விட்டார். நஞ்சப்பா சார் மட்டும் வந்து பக்கத்தில் நின்றார்.

கார் கிளம்பிய சத்தம் முதலில் வந்தது. பிறகு தூரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு. வலது வளைவைத் தாண்டியது. எங்களைப் பார்த்து நேராக வந்தது. வேகம் கூடிக்கொண்டே வந்தது. ஜெபம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், ஒரு வரி வாயில் வரவில்லை. பக்கத்தில் நஞ்சப்பா சார் கை இரண்டும் கயிற்றைப் பிடித்தபடி இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன.

தாஸ் திருப்பினான். முன்பக்கம் போன வழியிலேயே பின்பக்கமும் போனது. டிரம் ஒன்றும் அசையவில்லை. தூசி மட்டும் எங்கள் மேல் வந்து விழுந்தது. அதற்குள் கார் போய்விட்டது. அடுத்த சுற்றில் இன்னும் வேகமாக வந்தான். அதே மாதிரி திரும்பினான்.

அவனுக்குப் பரிசு கிடைக்கவில்லை. நடுவில் எங்கேயோ வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினபோது தலைமுடி தண்ணீரில் நனைத்த மாதிரி இருந்தது.

"எப்படிடா இருந்துச்சு?"

"ஒண்ணும் தெரியல அத்தை" என்றான். "திருப்புனேன், திரும்புச்சு."

என் வீட்டுக்காரர் அப்போதுதான் ஸ்பேனரோடு வந்தார். அதைக் கேட்டுவிட்டு, அதே ஸ்பேனரை மறுபடி கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

நஞ்சப்பா சார், "மேஸ்த்ரி, அடுத்த வாரம் காரை ஷெட்டுக்கு அனுப்பறேன்" என்றார்.

"எதுக்கு சார்? நல்லாத்தானே இருக்கு."

"சும்னே, சும்மாதான். நான் குந்தணும் அல்வா, இல்லையா?"

அப்படித்தான் நடந்தது. பந்தயத்துக்கு முன்னால் கார் ஒரு நாள் முன்கூட்டியே வரும். நூலைக் கட்டி, நஞ்சப்பா சாரை உள்ளே உட்கார வைத்து, என் வீட்டுக்காரர் சும்மா ஒரு தடவை சுற்றி வந்து அளப்பார். அவர் கடலை தின்று, வாயால் எஞ்சின் ஓட்டி, திருப்தியாக இறங்குவார். "இன்னிக்கு என் அலைன்மென்ட், நாளைக்கு தாஸ் அலைன்மென்ட்" என்பார். மறுநாள் தாஸ் உட்காருவான். அவனுக்கு ஷிப்ட் இருந்தால் நான், ராகி மாவோடு.

தாஸ் கல்யாணம் ஆகும்வரை ஓட்டினான். பிறகு அவனாகவே விட்டுவிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போது காதோரம் நரைத்திருக்கிறது. மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறான். இதை எழுதும்போது கூட இருந்து, எனக்கு வராத எழுத்தையெல்லாம் போட்டுக் கொடுத்தவள் அவன் மகள் ஷீபா. நான் பெற்ற பிள்ளைகளின் பிள்ளைகள் பாட்டி என்று கூப்பிடுகிறார்கள். இவளும் அப்படியே கூப்பிடுகிறாள்.

ஷீபா, பேனாவை மூடு. எழுதினது போதும். எடுத்து வாசிச்சுக் காட்டு. மேலேயிருந்து வேண்டாம்மா, உங்க அப்பன் இடது பக்கம் திருப்பினான் பாரு, அந்த இடத்திலிருந்து. மெல்ல வாசி. அவசரமில்லை.